திரை தெரிதல்

மக்கள் தம் தொழிலுக்குரிய கருவியைத் தாமே சோதித்துத் தெரிந்துகொள்ளுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். உழவன் ஏரின் கனத்தைத் தன் எருதுகளின் வலிமையோடு ஒத்துப் பார்ப்பான். தச்சன் உளியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். முன்னாளில் ஏடெழுதினோர் ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் அறிந்த பின்னரே எழுதத் தொடங்கினர். இக்காலத்தில் எழுத்துத் தொழில் புரிவோர்க்கு ஓலையும் தாளும் மேசையும் ஒருங்கே ஆகி நிற்பது கணினித் திரையாகும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் தொடங்கி நாடெங்கும் ஊரடங்கு நிலவியபொழுது, அலுவலகஞ் சென்று உழைத்த அநேகர் தத்தம் இல்லத்திலிருந்தே அலுவல் பார்க்கலாயினர். கொள்ளைநோய் தணிந்த பின்னும் அவ்வழக்கம் முற்றும் ஒழிந்திலது. நம் கலாசாலையின் பழைய மாணாக்கருள்ளும் பலர் வீட்டின் ஒரு மூலையையே அலுவலகமாகக் கொண்டுள்ளனர். அன்னார்க்கும், இனி அந்நிலை எய்தவிருக்கும் இளையோர்க்கும் பயன்படுமாறு, மடிக்கணினியோடு இணைத்துக்கொள்ளும் தனித்திரை ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறைபற்றி யாம் அநுபவத்திற் கண்ட சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம். கடைவீதியிலே இதனை மானிட்டர் என்பர்.

எமது தொழில் அச்சுப்படி திருத்துதல். பதிப்பகத்தார் அனுப்பும் படிகளை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைந்து திருப்பி அனுப்புவோம். முன்னாளில் இவ்வேலை அச்சகத்தின் ஒரு புறத்தே, மை புலராத தாளின்மேல் நடந்தது. இன்றோ படியும் மூலமும் மின்னஞ்சலில் வருகின்றன. பாளையங்கோட்டையிலுள்ள எம் இல்லத்தில் இருவர் இவ்வேலையைச் செய்கின்றோம். மற்றவர், 36 ஆண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற எம் தந்தையார். யாம் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, அவர் படியைக் கண்ணாற் பின்தொடர்ந்து வருவார். சந்தியிலும் இலக்கணத்திலும் எமக்கு ஐயம் நேருங்கால் தீர்ப்பளிப்பவரும் அவரே. அவருக்கு வயது 78. ஒரு கண்ணிற் கண்புரை அகற்றப்பட்டுள்ளது. மற்றொரு கண்ணிலும் பார்வை சற்றே மங்கல்.

எம்மிடம் இருந்தது 14 அங்குல மடிக்கணினி. அதன் திரையின் உயரத்தை அளவுகோல் கொண்டு அளந்தால் 7 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஏ4 என்னும் தாளின் உயரமோ ஏறக்குறைய 11.7 அங்குலம். ஆகவே ஒரு பக்கத்தை அதன் இயல்பான அளவிற் காட்டினால் பாதிப் பக்கமே கண்ணிற்படும். தந்தையாரின் பார்வைக்கு எட்டும்படி எழுத்தைப் பெருக்கினால் பத்து வரிகளே எஞ்சும். யாம் வாசித்துச் செல்லச் செல்லத் திரை மேலேறி ஓடுதலின், அவர் இடத்தைத் தவறவிட்டுத் தேடுவார். அன்றியும், அத்திரை நேரே நோக்குவார்க்குத் தெளிவாகவும், பக்கத்தே நாற்காலியிட்டு அமர்ந்தார்க்கு வெளிறியும் தோன்றிற்று. ஒரு நாள் மாலை அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, “தம்பி, இது ‘பல’வா ‘பல்’லா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல கண்ணுள்ள பிள்ளை ஒருத்தனை வைத்துக்கொள். என்னால் உனக்குத் தாமதந்தான்” என்றார். “முதலில் திரையை மாற்றிப் பார்ப்போம், அப்பா” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாது எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். சம்பளத்திற்கு ஆள் கிடைப்பது அரிதன்று. ஆயினும் 36 ஆண்டு எழுத்தோடு வாழ்ந்த ஒருவரை எழுத்தினின்றும் விலக்கி வீட்டிலே இருத்துதல் எமக்கு எளிதாகத் தோன்றவில்லை. திரையைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வாறு எம் குடும்ப விஷயமாயிற்று.

தந்தையார் காட்டிய ‘பல்’லும் ‘பல’வும் எமக்கு ஓர் அளவுகோலைத் தந்தன. தமிழெழுத்திலே புள்ளி செய்யும் வேலை பெரிது. ஒரு புள்ளி இருப்பின் வாயிலுள்ள பல். அது மறையின் எண்ணிக்கை பல. ஓலைச் சுவடிகளிலே புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. படிப்போர் சொல்லின் போக்கறிந்து தாமே புள்ளியை ஊகித்துக்கொள்வர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றோடொன்று மயங்கி நின்ற நிலையை நீக்கி வரிவடிவைத் திருத்தியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பது நம் மாணாக்கர் அறிந்ததே. அச்சுத் தொழில் பரவிய பின் புள்ளி தனக்குரிய இடத்தில் நிலைபெற்றது. தெளிவற்ற திரையோ அந்நன்மையைக் கவர்ந்துகொண்டு, படிப்பவரை மீண்டும் ஓலைக் காலத்திற்கே அனுப்பிவிடுகின்றது. ஆதலால், வாங்கப்போகும் திரையில் சாதாரண நூலெழுத்தின் புள்ளி, தந்தையார் அமரும் நாற்காலியிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டோம். செலவு 20,000 ரூபாய்க்கு மேற்போகலாகாது என்றும் வரையறுத்தோம்.

கடைக்காரர் முதலிற் கூறுவது அங்குலக் கணக்கு. அவ்வங்குலம் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த கோட்டின் நீளமாகும். அதனால் அகலத்தையும் உயரத்தையும் தனியே அறிந்துகொள்ளவேண்டும். இக்காலத்துத் திரைகளுட் பெரும்பாலானவை 16-க்கு 9 என்னும் விகிதமுடையவை. அவ்விகிதப்படி 24 அங்குலத் திரையின் அகலம் 21 அங்குலம், உயரம் 11.8 அங்குலம். 27 அங்குலத் திரையின் அகலம் 23.5 அங்குலம், உயரம் 13.2 அங்குலம். 34 அங்குல நெடுந்திரை என்று ஒன்று விற்கின்றார்கள். அது 21-க்கு 9 விகிதமுடையதாதலின் உயரத்தில் 27 அங்குலத் திரைக்கு ஏறத்தாழச் சமமே. கணக்கு ஏடுகளை அகலவாட்டில் விரித்துப் பார்ப்பார்க்கு அது உதவும். பக்கம் பக்கமாகப் படிப்பார்க்கு உயரமே வேண்டும். 24 அங்குலத் திரையிலே ஏ4 பக்கங்கள் இரண்டு தம் இயல்பான அளவில் அருகருகே நிற்கும்; தலையும் அடியும் விளிம்பை முட்டும். 27 அங்குலத் திரையில் அவ்விரண்டையும் எட்டில் ஒரு பங்கு பெருக்கியும் காட்டலாம். மூலத்தை ஒரு புறமும் படியை மறுபுறமும் வைத்து ஒப்புநோக்குவார்க்கு இவ்வளவு இடம் பெருஞ் சௌகரியம்.

இனி, திரையின் பரப்பினும் நுட்பமானதொன்று உண்டு. திரை என்பது மிகச் சிறிய ஒளிக்கட்டங்களின் தொகுதி. அக்கட்டத்தைப் பிக்சல் என்பர். ஓர் அங்குல நீளத்திற்கு எத்தனை பிக்சல் உள்ளன என்பதைப் பொறுத்தே எழுத்தின் தெளிவு அமையும். கிடைவாட்டில் 1920-உம் செங்குத்தில் 1080-உம் ஆகப் பிக்சல்களையுடைய 24 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு 92 பிக்சல் விழும். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்திலே பரப்பினால் அது 82 ஆகக் குறையும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றிருப்பின் 109. 4கே எனப்படும் 3840-க்கு 2160 என்றிருப்பின் 163. இக்கணக்கை எழுத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அச்சுத் தொழிலிலே 1 பாயிண்ட் என்பது அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கு. 10 பாயிண்ட் எழுத்துக்கு வகுத்த உயரம் மேற்சொன்ன முதல் திரையிலே 13 பிக்சல் வரிசை, இரண்டாவதிலே 11, மூன்றாவதிலே 15, நான்காவதிலே 23. ழகரத்தின் கீழிறங்குங் காலும், ணகரத்தின் சுழிகளும், இகர ஈகாரக் குறிகளும், தலைமேல் நிற்கும் புள்ளியும் எல்லாம் இவ்வரிசைகளுக்குள்ளே அடங்கவேண்டும். 11 வரிசைக்குள் அடக்கப்பட்ட புள்ளி ஒரு பிக்சலாய்ச் சாம்பல் நிறத்திற் கரைந்துவிடும். ஆகவே 27 அங்குலம் என்றவுடன் மகிழ்ந்து 1920-க்கு 1080 உடையதை வாங்குவோர், பெரிதாகவும் பிசிறாகவும் உள்ள எழுத்தையே பெறுவர். திரைப்படங் காண்பதற்கு அது போதும். நாள் முழுவதும் தமிழ் படிப்பதற்குப் போதாது.

அவ்வாறாயின் 4கே திரையையே வாங்கிவிடலாமே எனின், அதற்கு இரு தடைகள் இருந்தன. அத்தகைய திரையிலே எழுத்துக்கள் மிகச் சிறுத்துத் தோன்றுதலின், கணினியின் அமைப்பிலே 150 விழுக்காடு பெருக்கி வைத்துக்கொள்ளவேண்டும். அப்போது திரையிற் கொள்ளும் விஷயத்தின் அளவு 2560-க்கு 1440 திரையிற் கொள்வதற்குச் சமமாகும். மிகுதியாய்ப் பெறுவது எழுத்தின் கூர்மை. அது விரும்பத்தக்கதே, எனினும் எம் பணப்பை அதற்கு இடந்தரவில்லை. மற்றொரு தடை வடம்பற்றியது. எச்.டி.எம்.ஐ. எனப்படும் இணைப்பின் 1.4-ஆம் பதிப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 தரமே அனுப்பவல்லது. 2013-இல் வெளிவந்த 2.0-ஆம் பதிப்பே 60 தரம் அனுப்பும். எம் பழைய மடிக்கணினியிலுள்ளது முந்தையது. 30 தரமே புதுப்பிக்கப்படுந் திரையில் சுட்டுமுள் தயங்கித் தயங்கி நகரும். 2560-க்கு 1440 அளவை அக்கணினி விநாடிக்கு 60 தரம் அனுப்பும் என்று முன்னரே உறுதிசெய்துகொண்டோம். புதிய மடிக்கணினி உடையார்க்கு யு.எஸ்.பி. ‘சி’ வகை வடம் ஒன்றே படத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் வசதியுண்டு. ஆயினும் அவ்வடிவிலுள்ள துளை எல்லாம் படத்தை அனுப்பமாட்டா. தம் கணினியின் துளை அதற்கு வல்லதா, திரை எத்தனை வாட் மின்சாரம் திருப்பித் தரும் என்னும் இரண்டையும் கேட்டறிதல் அவசியம்.

நிற்க. பக்கத்தே அமர்ந்தார்க்கு எம் பழைய திரை வெளிறித் தோன்றியதன் காரணத்தையும் ஆராய்ந்தோம். அதன் வரலாறு சுவையுடையது. 1888-ஆம் ஆண்டில் பிராக் நகரத்துத் தாவரவியலறிஞராகிய பிரீட்ரிக் ரைனிட்சர் என்பார் ஒரு பொருளை உருக்கியபோது, அது ஏறக்குறைய 145 சென்டிகிரேடு வெப்பத்திலே கலங்கிய நீர்மமாகவும், 179 அளவிலே தெளிந்த நீர்மமாகவும் ஆதலைக் கண்டு வியந்தார். ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ஓட்டோ லேமன் அக்கலங்கிய நிலையை ஆராய்ந்தார். நீர்மம்போல ஒழுகியும் படிகம்போல ஒழுங்குற்றும் நிற்கும் அந்நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர் வழங்கலாயிற்று. இன்றைய திரைகளிலே பின்னாலிருந்து வெண்மையான ஒளி வருகின்றது. திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் மின்விசையால் திரும்பிக் கதவுபோல் நின்று, அவ்வொளியை ஒவ்வொரு பிக்சலிலும் விடுகின்றன அல்லது தடுக்கின்றன. டி.என். என்னும் பழைய வகையிலே மூலக்கூறுகள் படிக்கட்டுப்போல முறுக்கிக்கொண்டு நிற்றலால், பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் நோக்குவார்க்கு நிறமும் கருமையும் மாறித் தோன்றும். ஐ.பி.எஸ். என்னும் வகையிலே அவை கண்ணாடித் தளத்திற்கு இணையாகவே சுழலுதலின் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் வேறுபாடு சிறிது. வி.ஏ. என்னும் வகையில் இருள் மிக ஆழ்ந்திருக்கும், ஐ.பி.எஸ். திரையில் ஒளிக்கும் இருளுக்கும் வழக்கமாக 1000-க்கு 1 என்றிருக்கும் விகிதம் வி.ஏ. திரையில் 3000-க்கு 1 ஆகும். எனினும் பக்கப் பார்வையில் அது ஐ.பி.எஸ். வகையை எட்டாது.

இவ்விடத்தே நம் நாட்டார் ஒருவரின் பணியைக் குறிப்பிடாது விடலாகாது. 1977-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்திலே பேராசிரியர் எஸ். சந்திரசேகரும் அவரொடு உழைத்தோரும், தட்டுப்போன்ற வடிவுடைய மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதைக் கண்டுபிடித்தனர். நோபெல் பரிசு பெற்ற வானியலறிஞர் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. பிற்காலத்தில் அத்தட்டு மூலக்கூறுகளாலாகிய மெல்லேடுகளைச் சாதாரணத் திரைகளின்மேல் ஒட்டி, பக்கப் பார்வையின் குறையைப் பெரிதும் நீக்கினார்கள். இருவர் ஒரு திரையை நோக்கும் வீட்டிலே இவ்வாராய்ச்சியின் பயன் எளிதில் விளங்கும். தந்தையார் எமக்கு வலப்புறத்தே அமர்வாராதலின் ஐ.பி.எஸ். வகையே வேண்டும் என்று முடிவுசெய்தோம்.

பின்னர்த் திருநெல்வேலியிலுள்ள கடை ஒன்றுக்குத் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். வீட்டு நாற்காலியில் அவர் கண்ணுக்கும் மேசைமேல் திரை நிற்கும் இடத்திற்கும் இடையே உள்ள தூரம் 28 அங்குலம்; அவ்வளவு நீளமுள்ள நூற்கயிறு ஒன்றை முடிந்து எடுத்துக்கொண்டோம். ஒரு பென் டிரைவில், வெள்ளைத் தாளிற் கரிய 10 பாயிண்ட் எழுத்தில் அமைந்த பக்கம் ஒன்றையும் வைத்திருந்தோம். அதில் ‘பல், பல’, ‘கல், கல’, ‘எடு, ஏடு’, ‘ஒடு, ஓடு’ என்னுஞ் சொற்கள் வரிசை மாறிக் கலந்திருந்தன. கடையிலே எல்லாத் திரைகளிலும் மயில்களும் அருவிகளும் மின்னிக்கொண்டிருந்தன. அத்தகைய படத்தில் எத்திரையும் அழகாகவே இருக்கும். விற்பனை செய்யும் இளைஞர் முதலில் எம் கயிற்றைக் கண்டு நகைத்தார். பின்பு தாமே இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டு, எம் பக்கத்தை ஒவ்வொரு திரையிலும் காட்டினார்.

தந்தையார் நேர்முகத்தேர்வு நடத்தும் ஆசிரியரைப்போல் அமர்ந்து வாசித்தார். 1920-க்கு 1080 உடைய 27 அங்குலத் திரையைக் கண்டு, “எழுத்து பருமனாக இருக்கிறது, ஓரமெல்லாம் பிசிறு” என்றார். 24 அங்குலத் திரையைக் கண்டு, “எழுத்து நன்று, எனக்குத்தான் குனியவேண்டியிருக்கிறது” என்றார். 2560-க்கு 1440 உடைய 27 அங்குலத் திரையில் எழுத்தை 125 விழுக்காடாக்கியபொழுது முதுகை நாற்காலியிற் சாய்த்துக்கொண்டு முதல் வரியினின்று கடைசி வரி வரை நில்லாது வாசித்து முடித்தார். விலைச்சீட்டைக் கண்டதும், “இவ்வளவு பணம் எனக்காக வேண்டாம்” என்று எழ முயன்றார். “உங்களுக்காக மட்டுமா, அப்பா? நானும் இதில்தானே பிழைக்கவேண்டும்” என்று சொல்லி அமர்த்தினோம். அது எம் வரையறைக்குள் அடங்கியிருந்தது.

அவ்விளைஞர் வேறு சில சிறப்புக்களையும் எடுத்துரைத்தார். விநாடிக்கு 165 தரம் புதுப்பிக்குந் திரை விளையாட்டுப் பிரியர்க்கு இன்றியமையாதது. படிப்போர்க்கு 60 போதும். வில்போல் வளைந்த திரை மிக நீண்ட திரைக்குப் பொருந்தும். நேர்கோடுகளை அளந்து பக்கம் அமைப்பார்க்கு ஏலாது. சில பெட்டிகளின்மேற் கோடிக்கு ஒன்று என்று மாறுபாட்டு விகிதம் பொறித்திருக்கும். அது பின்னொளியைக் காட்சிக்குக் காட்சி கூட்டிக் குறைத்துக் கணக்கிட்டதாதலின், ஒரே காலத்தில் ஒரே பக்கத்தில் வெண்மையும் கருமையும் எவ்வாறிருக்கும் என்பதை அறிவியாது. நீலவொளியைத் தடுக்குங் கண்ணாடி அணிந்தால் கண் களைப்பு நீங்குமென்பதும் பலர் கூற்று. அதுபற்றிய பரிசோதனைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், குறுகிய காலத்தில் அத்தகைய கண்ணாடியால் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் வெளியிட்டனர். திரையை நோக்குங்கால் நாம் வழக்கத்தினுங் குறைவாகவே இமைக்கின்றோம். 20 நிமிடத்திற்கு ஒரு முறை 20 அடி தூரத்திலுள்ள பொருளை 20 விநாடி நோக்குக என்று கண் மருத்துவர் கூறுவது செலவில்லாத மருந்து. எம் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் வேப்பமரம் அதற்கு உதவுகின்றது.

சிறிது கூடுதலாகக் கொடுத்தேனும் வாங்கவேண்டியது நல்ல தாங்கி. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும்; தாழ்ந்திருப்பின் கழுத்துக் குனியும், உயர்ந்திருப்பின் தலை பின்சாயும். இரு பார்வைக் கண்ணாடி அணிந்தோர் கீழ்ப்பாதி வழியே படிப்பவராதலின், அவர்க்கு இன்னுஞ் சற்றுத் தாழவேண்டும். உயர்த்தவும் தாழ்த்தவும் சாய்க்கவும் திருப்பவும் இடந்தருந் தாங்கி இவ்வேறுபாட்டைத் தீர்க்கும். அஃதில்லையாயின், திரையின் முதுகிலே 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் உள்ளனவா என்று பார்த்து, வேறு தாங்கியைப் பின்னர்ப் பொருத்திக்கொள்ளலாம். திரையின் முகம் கண்ணாடிபோல் பளபளப்பின்றி மங்கலாயிருத்தலும் நன்று. ஜன்னல் திரைக்குப் பின்னுமின்றி முன்னுமின்றிப் பக்கத்தே அமையும்படி மேசையை இட்டால், வெயில் கண்ணிலும் விழாது, திரையிலும் விழாது. திரையின் ஒளியை அறையின் ஒளிக்கு ஒத்த அளவாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். மின்தடை நேருங் காலத்தை எண்ணியும் அஞ்சவேண்டுவதில்லை. இத்தகைய திரை ஏறக்குறைய 25 வாட் அளவே உண்ணும். பழைய வகைக் கூரை விசிறி ஒன்று 75 வாட் உண்கின்றது. வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் இதனை எளிதில் தாங்கும்.

வீட்டிற்குக் கொண்டுவந்த அன்றே வெண்மை, கருமை, செம்மை, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுவதும் பரப்பிச் செத்த பிக்சல் உண்டோ எனச் சோதித்தோம். ஒன்றிரண்டு செத்திருப்பின் சில உற்பத்தியாளர் மாற்றித் தருவதில்லை. ஆகவே கடைக்காரர் மாற்றிக் கொடுக்குங் காலத்திற்குள் இதனைச் செய்துவிடல் வேண்டும். பெட்டியையும் சில நாள் எறியாது வைத்திருத்தல் நலம்.

இப்பொழுது எம் வேலை நடக்கும் விதம் இது. ஒப்புநோக்குங்கால் திரை கிடையாக நிற்கின்றது. மூலம் இடத்தே, படி வலத்தே. கடைசிப் படியை மெய்யாக வாசிக்குங்கால் திரையை நெட்டாகத் திருப்பி, அடிவிளிம்பு மேசையை ஒட்டும்படி தாழ்த்திவிடுகின்றோம். அப்போது அகலம் 13.2 அங்குலமாதலின், 8.3 அங்குல அகலமுள்ள ஏ4 பக்கம் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகப் பெருகி, தலை முதல் அடி வரை முழுமையாய்த் தெரிகின்றது. தந்தையார் இப்பொழுது இடத்தைத் தேடுவதில்லை. காலை பத்து மணிக்கு எமக்கு முன்னரே வந்து அமர்ந்துகொள்கின்றார். அண்மையில் ஒரு படியில் ‘வாழ்த்து கூறினார்’ என்றிருந்ததைக் கண்டு, “இங்கே ஒரு ககர ஒற்று விழுந்துவிட்டது, வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் மிகவேண்டாமா?” என்று நாற்காலியில் இருந்தபடியே விரல் நீட்டினார். பதிப்பகத்தார் அவ்வொற்றைச் சேர்த்துக்கொண்டனர். ஆள் வைத்துக்கொள்ளும் பேச்சு மீண்டும் எழவில்லை.

மாணவ நண்பர்களே, நீவிர் மேற்கொள்ளுந் தொழில் எம் தொழிலாக இராது. கட்டட வரைபடம் வரைவோரும், கணக்கெழுதுவோரும், தூரத்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்வோரும் உம்மிலே தோன்றுவீர்கள். விலைகளும் வகைகளும் ஆண்டுதோறும் மாறும். ஆயினும் கடைக்குச் செல்லுமுன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாடோறும் நீவிர் காணவேண்டிய மிகச் சிறிய குறி யாது, ஒரே காலத்தில் எத்தனை பக்கம் கண்முன் நிற்கவேண்டும், கண்ணுக்கும் திரைக்கும் இடையே தூரம் எவ்வளவு, உம் கணினியின் துளையும் வடமும் எவ்வளவு அனுப்பவல்லவை. உம் வேலையின் உண்மையான பக்கம் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வீட்டில் அத்திரையை நோக்குவோர் உம்மையன்றி வேறொருவரும் உளராயின், அவருள்ளே பார்வை மிகக் குறைந்தவரை அழைத்துச் சென்று முதல் நாற்காலியில் அமர்த்துங்கள். அவர் குனியாமலும் கண்ணைச் சுருக்காமலும் படித்து முடிக்கும் திரைக்கே பணத்தைக் கொடுங்கள்.